காலை ஏழே காலுக்கு "வயிறு வலிக்குதும்மா": செல்லமா, கண்டிப்பா, வேறு வழி இருக்கிறதா?

காலை ஏழே கால். வேன் ஏழு ஐம்பதுக்கு வந்துவிடும். ஒரு பக்கம் ஜடை பின்னி ரிப்பன் கட்டியாயிற்று, மறு பக்கத்துக்கு வாரும்போது பிள்ளை அப்படியே மடங்கி உட்கார்ந்து தொப்புளைப் பிடித்துக்கொள்கிறாள். "வயிறு வலிக்குதும்மா." முதல் நாளாக இருந்தால் பதறிப்போய் டாக்டரிடம் ஓடலாம். இது ஐந்தாவது மாதம், வாரத்தில் மூன்று நாளாவது இப்படி. அந்த நேரத்தில் கையில் சீப்போடு நிற்கிறவர் அடுத்து என்ன சொல்கிறார், என்ன செய்கிறார் என்பதற்கும் அந்த வலி அந்தப் பிள்ளையை எவ்வளவு முடக்கும் என்பதற்கும் தொடர்பு இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் முன்பு எனக்குக் கோபம்தான் வந்திருக்கும். என் மகளுக்கு ஒன்பது வயதில் இது ஆரம்பித்த பிறகு, ஒரு வருஷம் தடுமாறிய பிறகு, அது உண்மை என்று ஒப்புக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் மூன்று விதமாகவும் நடந்து பார்த்துவிட்டோம். மூன்றிலும் எது என்ன செய்தது என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. நான் பேசுவது மூன்று மாதத்துக்கு மேல் வந்து வந்து போகிற வலியைப் பற்றி. அதுவும் டாக்டர் பார்த்து, வேண்டிய சோதனை செய்து, பயப்பட ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகு. எடை குறைகிறது, வளர்த்தி சரியில்லை, மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, விடாத காய்ச்சல், தூக்கத்திலிருந்தே எழுப்புகிற வலி, தொப்புளைச் சுற்றி இல்லாமல் வலது கீழ்ப்பக்கம் போல ஒரே இடத்தில் குத்துகிற வலி, மூட்டு வீக்கம்: இதில் ஒன்று இருந்தாலும் படிப்பதை நிறுத்திவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். எப்படி வளர்ப்பது என்ற பேச்செல்லாம் அதற்கு அப்புறம்.

எங்களுக்கு எல்லாம் நடந்தது. பூச்சி மருந்து இரண்டு தடவை. சிறுநீர், ரத்தம். ஸ்கேன் எடுத்தால் "நெறி கட்டியிருக்கு" என்று வந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி நான் தூங்கவில்லை. சின்னப் பிள்ளைகளின் வயிற்றில் சின்னச் சின்ன நெறிகள் ஸ்கேனில் தெரிவது ரொம்பச் சாதாரணம் என்று பிறகுதான் தெரிந்தது. என் மாமியார் ஊரில் ஒரு பாட்டியிடம் கூட்டிப்போய்க் குடல் தட்டி வந்தார். ஒரு டாக்டர், பிள்ளை முன்னாலேயே, "ஸ்கூலுக்குப் போகப் பிடிக்காம நடிக்கிறா" என்றார். அப்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நானும் அதை நம்புகிறேனா என்று. அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

கடைசியாகப் பார்த்த குழந்தை மருத்துவர்தான் உட்கார வைத்து விளக்கினார். குடலிலிருந்து மூளைக்கு நரம்பு வழியாக ஓயாமல் செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. சாப்பாடு நகர்கிறது, காற்று சேர்கிறது, குடல் சுருங்குகிறது, இதெல்லாம் நமக்குத் தெரிவதே இல்லை. சில பிள்ளைகளுக்கு அந்த நரம்புகள் கூர்மையாகிவிடுகின்றன. மற்றவருக்கு ஒன்றுமே தோன்றாத ஒரு சுருக்கம் இவர்களுக்கு வலியாகத் தெரிகிறது. பயம், தூக்கக் குறைவு, மலச்சிக்கல், "எப்ப வலிக்கும்" என்று காத்திருப்பது எல்லாம் அதை இன்னும் கூர்மையாக்கும். ஆகவே சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகாது. வலி நிஜம், ஆனால் அது குடலுக்குள் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்ற எச்சரிக்கை இல்லை. இது அபூர்வமான நோயும் இல்லை. 1958இலேயே இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவரும் நோரா நைஷும் 1000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து, ஏறக்குறைய ஒன்பது பேரில் ஒருவருக்கு இப்படித் திரும்பத் திரும்ப வயிற்று வலி வருகிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

சரி, முதல் வழி என் வழி. வலி என்றால் பிள்ளையைப் பொத்திப் பாதுகாப்பது. பெருங்காயத்தை வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவேன், ஓமத் தண்ணீர் கொடுப்பேன், மடியில் படுக்க வைப்பேன், வேன்காரருக்கு இன்றைக்கு வரவில்லை என்று போன் போட்டுவிடுவேன். பத்து மணிக்கெல்லாம் வலி இறங்கியிருக்கும். ரசம் சாதம், டிவி, நடுவில் அரை மணிக்கொரு தடவை "இப்ப எப்படிடா இருக்கு?" என்று நான். அன்பில்லாமல் இதைச் செய்ய முடியுமா? ஆனால் அந்த ஒரு பருவத்தில் மட்டும் 23 நாள் லீவு. பின்னம் நடத்திய இரண்டு வாரத்தில் பாதி நாள் அவள் வகுப்பில் இல்லை. திரும்பிப் போனால் நோட்டு காலி, பக்கத்தில் உட்காரும் தோழி வேறு யாரோடோ சேர்ந்துவிட்டாள், கணக்கு டீச்சரைப் பார்க்கப் பயம். அந்தப் பயத்தோடு மறுநாள் காலையில் எழுந்தால் வயிறு சும்மா இருக்குமா? வீட்டில் இருக்க இருக்க, போவது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று உண்டு, எனக்கு மனசு மாறியதற்கு அதுதான் காரணம். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் லின் வாக்கர் குழுவினர் 2006இல் வெளியிட்டது. நாள்பட்ட வயிற்று வலி உள்ள பிள்ளைகள், ஒன்றும் இல்லாத பிள்ளைகள், இரண்டு தரப்பையும் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். அப்படிக் குடித்தால் யாருக்கும் வயிறு ஒரு மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு பகுதிப் பெற்றோரிடம் பிள்ளையின் வலியைக் கேட்டுக் கவனித்து ஆறுதல் சொல்லச் சொன்னார்கள், இன்னொரு பகுதியிடம் பேச்சை வேறு பக்கம் திருப்பச் சொன்னார்கள், மூன்றாவது பகுதிக்கு ஒன்றுமே சொல்லவில்லை. வலியைக் கவனித்துக்கொண்டிருந்த பெற்றோரின் பிள்ளைகள் சொன்ன முறையீடுகள், ஒன்றும் சொல்லப்படாத பகுதியை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பேச்சைத் திருப்பிய இடத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதில் என்னைக் குத்திய விஷயம் இன்னொன்று: பேச்சைத் திருப்பியது நல்லாயிருந்தது என்று பிள்ளைகள் சொன்னார்கள், ஆனால் வலி உள்ள பிள்ளைகளின் தாய்மார்களுக்கோ, அப்படிச் செய்வது பிள்ளைக்குக் கெடுதல் செய்துவிடுமோ என்ற எண்ணம்தான். அந்தத் தாய்மாரில் நானும் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வழி என் வீட்டுக்காரருடையது. "ஒண்ணும் இல்ல, எந்திரி. எங்க காலத்துல இதெல்லாம் யாரு பார்த்தா." அவர் கெட்டவர் இல்லை. என் 23 நாள் லீவைப் பார்த்துப் பயந்துபோய் எடுத்த முடிவு. முதல் இரண்டு வாரம் வேலையும் செய்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போனாள், நான் குழம்பிப் போனேன், இத்தனை நாள் ஏமாந்துவிட்டோமோ என்று. மூன்றாவது வாரம் வகுப்பு ஆசிரியை போன் செய்தார். இடைவேளையில் படிக்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாளாம், யாரிடமும் சொல்லவில்லை. வலி போகவில்லை, சொல்வதுதான் நின்றுவிட்டது. இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது, ஏனென்றால் நாளைக்கு நிஜமாகவே குடல்வால் வீங்கினாலும் இந்தப் பிள்ளை வாய் திறக்காது. சில பிள்ளைகள் இதற்கு நேர்மாறாகப் போகும். நம்பவில்லை என்று தெரிந்தால் நம்பும்வரை இன்னும் சத்தமாக அழும், தரையில் உருளும், நாம் அதையும் நடிப்பு என்போம். தன்னை நிரூபிக்க வேண்டிய நிலையில் இருக்கிற பிள்ளைக்கு வலியிலிருந்து கவனத்தை எடுக்கவே முடியாது.

இந்த இரண்டு வழியும் ஒரே வீட்டில் ஓடினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம், அது இரண்டையும் விட மோசம். நான் தடவிக்கொடுப்பேன், அவர் அதட்டுவார், மாமியார் "பிள்ளைக்குக் கண்ணு பட்டிருக்கு" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார், கடைசியில் சத்தம் தாங்காமல் ஒரு நாள் லீவு, இன்னொரு நாள் திட்டு. திங்கள்கிழமை கிடைக்காத லீவு வியாழக்கிழமை கிடைக்கும் என்றால், எந்தக் காலையிலும் பிள்ளையால் மனசை ஒருநிலைப்படுத்த முடியாது. அதோடு என்னால்தான் இவர்கள் சண்டை போடுகிறார்கள் என்ற எண்ணம் வேறு. இதை அவளே ஒரு ராத்திரி என்னிடம் கேட்டாள், "அப்பாவும் நீயும் என் வயித்தாலதான சண்ட போடுறீங்க?" என்று. நாங்கள் மாறியது அந்த ராத்திரிக்குப் பிறகுதான்.

பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் படித்தவர்களுக்கு டயானா பாம்ரிண்ட் என்ற பெயர் தெரிந்திருக்கும். 1960களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்துகொண்டு பெற்றோரை வகை பிரித்தவர்: கண்டிப்பு மட்டும் உள்ளவர், கேட்டதெல்லாம் விட்டுக்கொடுப்பவர், பாசமும் இருந்து வரையறையும் வைக்கிறவர். வலி என்று வரும்போதும் ஆராய்ச்சியாளர்கள் பெற்றோர் நடத்தையைக் கிட்டத்தட்ட இப்படித்தான் பார்க்கிறார்கள்: பொத்திக் காப்பது, குறைத்துப் பேசுவது, கண்ணில் வைத்துக்கொண்டே ஊக்கப்படுத்துவது. நான் சொல்லப்போகும் மூன்றாவது வழி இந்தக் கடைசி வகை. கேட்க நன்றாக இருக்கும், ஏழே கால் மணிக்குச் செய்வதுதான் கஷ்டம்.

நாங்கள் செய்தது இது. வலிக்குது என்றால் ஒரே ஒரு வாக்கியத்தில் நம்பிவிடுவது: "வலிக்குதா, சரிடா." அதில் சந்தேகம் இல்லை, விசாரணை இல்லை, கண் கலங்குவதும் இல்லை. அடுத்து அவளே தனக்குச் செய்துகொள்ளக்கூடிய ஒன்று. கையை வயிற்றின் மேல் வைத்து, வயிறு மேலே எழும்பும்படி மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததை விட நீளமாக விடுவது, பத்துத் தடவை. வலி இல்லாத நேரத்தில், ராத்திரி படுக்கும்போது, இரண்டு வாரம் இதைப் பழக்கிய பிறகுதான் காலையில் கேட்டோம். வலி உச்சத்தில் இருக்கும்போது புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. அப்புறம் ஜடையின் மறு பக்கம், டிபன் பாக்ஸ், வேன். அந்த இருபது நிமிஷமும் நான் பேசுவது வேறு எதையாவது. "இப்ப எப்படி இருக்கு?" என்ற கேள்வியை வீட்டில் யாரும் கேட்பதில்லை என்று முடிவு செய்தோம், அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். கேட்காமல் இருப்பது எனக்கு உடம்பே கூசும் அளவுக்குக் கஷ்டமாக இருந்தது. "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று திரும்பத் திரும்பச் சொல்வதையும் விட்டேன். ஊசி போடும் நேரத்தில் பெற்றோர் அப்படிச் சொல்லச் சொல்லப் பிள்ளைகளின் பயம் கூடுகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. அம்மா இத்தனை தடவை சொல்கிறாள் என்றால் ஏதோ இருக்கிறது என்று பிள்ளைக்குத் தோன்றிவிடுகிறது.

பள்ளிக்கு ஒரே நாளில் திரும்ப அனுப்பவில்லை. முதல் வாரம் மதியம் வரை, அடுத்த வாரம் கடைசி இரண்டு பீரியட் தவிர, மூன்றாவது வாரம் முழு நாள். வலிக்கிறதோ இல்லையோ நேரம் மாறாது, அதுதான் முக்கியம். "வலிச்சா வந்துடு" என்று சொன்னால் பிள்ளை நாள் முழுக்க வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆசிரியையிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம்: வலி என்று சொன்னால் திட்ட வேண்டாம், வீட்டுக்கும் அனுப்ப வேண்டாம், பின் பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி, தண்ணீர், அப்புறம் வகுப்பு. அவர் அதை அப்படியே செய்தார், அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. எப்படியும் லீவு போட வேண்டி வந்தால் அது படுக்கை நாள்: டிவி இல்லை, போன் இல்லை, விருப்பச் சாப்பாடு இல்லை. தண்டனை மாதிரிச் சொல்லக் கூடாது. உடம்பு சரியில்லை என்றால் ஓய்வு, அவ்வளவுதான்.

இந்த வழியில் இன்னொரு பகுதி உண்டு, அதை விட்டால் மொத்தமும் வீண். காரணம் தேடுவதை நிறுத்தக் கூடாது. ஆனால் காலையில் தேடாதீர்கள், சாயங்காலம் தேடுங்கள், வலி இல்லாத நேரத்தில், பேச்சோடு பேச்சாக. எங்களுக்குக் கிடைத்த விடை பள்ளிக் கழிப்பறை. தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் பாதி நாள் வராது, அதனால் காலையிலிருந்து நாலு மணி வரை அடக்கிக்கொள்வாள், தண்ணீரே குடிக்க மாட்டாள். மலச்சிக்கல் இல்லாமல் எப்படி இருக்கும்? மருத்துவர் சொன்னபடி மருந்து கொடுத்தோம், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு காலடியில் முக்காலி வைத்துப் பத்து நிமிஷம் கழிப்பறையில் உட்கார வைத்தோம், பள்ளியில் பேசித் தாழ்ப்பாள் போட வைத்தோம். சில வீடுகளில் இந்த விடை பரீட்சை பயமாக இருக்கலாம், வேனில் யாரோ கிண்டல் செய்வதாக இருக்கலாம், யாரோ தொடக் கூடாத இடத்தில் தொடுவதாகக்கூட இருக்கலாம். பிள்ளையை ஊக்கப்படுத்தி அனுப்புகிறேன் என்று அதே இடத்துக்குத் திரும்பத் தள்ளிவிடக் கூடாது.

இது எங்கள் வீட்டு அனுபவம் மட்டும் இல்லை. 2010இல் அமெரிக்காவின் ரோனா லெவி குழுவினர் இந்த மாதிரி வயிற்று வலி உள்ள 200 பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் வைத்துச் செய்த ஆய்வில், மூன்றே மூன்று அமர்வுகளில் பிள்ளைக்கு வலியைச் சமாளிக்கவும் பெற்றோருக்கு வலிக்கு எப்படி நடந்துகொள்வது என்றும் கற்றுக்கொடுத்தார்கள். வெறும் உடல்நலத் தகவல் மட்டும் பெற்றவர்களை விட இவர்கள் பிள்ளைகளின் வலி அதிகம் குறைந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள், பெற்றோரின் பொத்திக் காக்கும் பழக்கமும் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பிள்ளைகளின் நாள்பட்ட வலிக்கு மருந்தோடு சேர்த்து உடற்பயிற்சி சார்ந்த சிகிச்சையையும் மனநல சிகிச்சையையும் சொல்கிறது.

தலைவலிப் பிள்ளைகளின் பெற்றோர் ஒருவேளை மாத்திரையா பயிற்சியா என்று யோசிப்பார்கள். 2013இல் வந்த ஆய்வில், நாள்பட்ட ஒற்றைத் தலைவலி உள்ள 10 முதல் 17 வயது வரையான 135 பேரில், எல்லாருக்கும் ஒரே மாத்திரைதான். அதோடு சமாளிக்கும் பயிற்சியும் பெற்றவர்களுக்குத் தலைவலி நாட்கள் கூடுதலாகக் குறைந்தன. 2017இல் அதே துறையில் இன்னொரு பெரிய ஆய்வில், வழக்கமாகக் கொடுக்கும் இரண்டு தடுப்பு மாத்திரைகளும் மருந்தே இல்லாத போலி மாத்திரையை விட மேலாக வேலை செய்யவில்லை. மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் பேசுங்கள்; ஆனால் மாத்திரை மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

மூன்றாவது வழிக்கு விலை இருக்கிறது. முதல் மூன்று வாரம் எல்லாம் மோசமானது போலத் தெரியும். இத்தனை நாள் கிடைத்தது கிடைக்கவில்லை என்றால் பிள்ளை இன்னும் அதிகம் அழும். அழுகிற பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு அடுப்படியில் நின்று நான் அழுதிருக்கிறேன். வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நடக்காவிட்டால் இது நடக்காது, பள்ளி ஒத்துழைக்காவிட்டால் பாதிதான் நடக்கும். வேலைக்குப் போகிற அம்மாக்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பார்கள். நேரக் கணக்குப் பார்த்தால் முதல் வழிக்குத்தான் அதிகம் ஆகும், ஒவ்வொரு லீவுக்கும் நானும் லீவு போட்டேன்.

பொத்திக் காப்பதே சரியான இடங்களும் இருக்கின்றன. காய்ச்சலோடு வந்த வயிற்று வலி, வாந்தி பேதி, அடிபட்டது, ஆபரேஷன் முடிந்த வாரம், இதிலெல்லாம் மடியில் போட்டுக்கொள்ளுங்கள். நீலகிரிப் பழங்குடிப் பிள்ளைகள் சிலருக்கு இருக்கும் அரிவாள் செல் நோயில் (ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) வலி நெருக்கடி வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், அங்கே மூச்சுப் பயிற்சி மட்டும் பேசுவது தவறு. மூட்டு வாதம் உள்ள பிள்ளைகளுக்கு மருந்து முதலில். ஆனால் அங்கேயும் மருந்தோடு சேர்த்து ஓடி ஆட விட வேண்டும், படுக்கவே வைத்தால் மூட்டு இன்னும் இறுகும். கண்டிப்பு மட்டும் வைக்கும் இரண்டாவது வழிக்கு மட்டும் எந்த நோயிலும் எனக்கு ஒரு இடம் கிடைக்கவில்லை. அந்த வழியில் இருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு, நேரம் தவறாமல் வாழ்க்கை நடக்க வேண்டும் என்ற பிடிவாதம். அதை மட்டும் அவரிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன்.

இப்போது அவளுக்குப் பதினொன்று. வலி முழுசாகப் போகவில்லை. கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறந்தபோது, முதல் நாளுக்கு முந்தின ராத்திரியே திரும்ப வந்தது, இரண்டு வாரம் இருந்தது, பழைய மாதிரியே செய்தோம். இந்தப் பருவத்தில் வயிற்று வலிக்காக ஒரு நாள் லீவு. என் மாமியார் பெருங்காயத்தை விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார், நானும் விடச் சொல்லவில்லை. கட்டியாகக் குழைத்து ஒரு குட்டி டப்பாவில் போட்டுப் புத்தகப் பையில் வைத்துக் கொடுத்து, "வலிச்சா நீயே தடவிக்க, தாயி" என்றார். அப்பத்தா கொடுத்தது என்று பத்திரமாக வைத்திருக்கிறாள். போன வாரம் தீர்ந்துவிட்டது என்று டப்பாவைக் கொண்டுவந்து காட்டினாள். எப்போது தடவினாள், எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. அவர் புதிதாகக் குழைத்துக் கொடுத்திருக்கிறார்.